தளம் போட்ட முதல் பத்து நாள்

சென்னை திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று, குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட பகுதி ஒன்று இடிந்து தரைமட்டமானது. விரிசலைக் கண்டு பயந்த குடும்பங்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ப்பலி நேரவில்லை. அந்தக் கட்டடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதே ஆண்டு ஜூன் 24 அன்று அமெரிக்காவின் சர்ஃப்சைடு நகரில் சாம்ப்ளெயின் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 98 பேர் இறந்தார்கள். அங்கே கான்கிரீட் விரிசல் விட்டும் பெயர்ந்தும் கிடப்பதைப் பொறியாளர் அறிக்கை ஒன்று 2018-லேயே சொல்லியிருந்தது.

இதைப் படித்துவிட்டு வீட்டுச் சுவரின் மெல்லிய கீறலையெல்லாம் பார்த்து நடுங்கத் தேவையில்லை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவையில் அதன் பலம் அதில் பத்தில் ஒரு பங்குதான். நுண்ணிய விரிசல் விழுந்த பிறகுதான் உள்ளே இருக்கும் கம்பி முழுமையாகச் சுமையை ஏற்கிறது. அதனால்தான் இந்தியத் தர விதியான ஐஎஸ் 456, பொதுவாக 0.3 மி.மீ. அகலம் வரை விரிசலை அனுமதிக்கிறது. எப்போதும் ஈரத்திலோ மண்ணிலோ இருக்கும் பகுதிகளுக்கு 0.2 மி.மீ.; கடுமையான சூழலில் 0.1 மி.மீ.

வரம்பு மீறினால் ஈரமும் உப்புக்காற்றும் கம்பியை எட்டுகின்றன. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அப்புறம் விரிசல் இன்னும் அகலமாகும், துரு இன்னும் வேகமாகும்.

இதைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் தளம் போடும் நாளிலேயே முடிந்துவிடுகிறது, அல்லது அன்றே கெட்டுவிடுகிறது. கலவை இளகி ஓட வேண்டும் என்று கூடுதலாக ஊற்றும் தண்ணீர் பின்னால் ஆவியாகி வெளியேறும்போது கான்கிரீட் சுருங்கி வெடிக்கிறது. கம்பியை உயர்த்திப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்தால் கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே படுத்துவிடும். சாதாரணச் சூழலில் தளக் கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். கடற்காற்று நேராகப் படும் இடங்களில் 45 மி.மீ. வேண்டும். எண்ணூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் இந்த ஓர் எண்ணையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட அதிகம் கவனிக்காமல் போவது மேல்கம்பி. பீமுக்கு மேலே தளம் மேற்புறத்தில் விரிசல் விடப் பார்க்கும், பால்கனியிலும் அப்படித்தான். அங்கே கம்பி மேலே நிற்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன்மேல் நடந்து மிதித்துக் கீழே இறக்கிவிடுகிறார்கள். நாற்காலி போல் வளைத்த சேர் கம்பி வைத்துத் தாங்கி, நடக்கப் பலகை போட்டால் போதும், செலவு மிகச் சொற்பம். அதைச் செய்யாத பால்கனியை வேறு எந்தத் தரமான சிமென்ட்டும் காப்பாற்றாது.

கம்பி தடிமனாக இருந்தால் வலு என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 12 மி.மீ. கம்பியை 300 மி.மீ. இடைவெளியில் கட்டினாலும், 8 மி.மீ. கம்பியை 133 மி.மீ. இடைவெளியில் கட்டினாலும் இரும்பின் எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நெருக்கமாகக் கட்டிய சிறு கம்பி, விரிசலைப் பல மெல்லிய கீறல்களாகப் பிரித்துவிடும். தடித்த கம்பியிலோ அது ஓரிரு இடத்தில் அகலமாக வாய் பிளக்கும்.

பிறகு கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது. இன்று கடைகளில் அதிகம் விற்பது சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். சாதாரண சிமென்ட்டுக்கு ஏழு நாள் என்றால், இதற்குக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் வேண்டும், பதினான்கு நாள் என்பது அதே ஐஎஸ் விதியின் பரிந்துரை. வெயிலும் காற்றும் கூடிய நாளில் தளம் போட்டால் முதல் சில மணி நேரத்திலேயே மேற்பரப்பு உலர்ந்து வெடிக்கத் தொடங்கும் என்பதால், மேற்பரப்பைத் தேய்த்து முடித்ததுமே மூடிவிட வேண்டும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைக்கலாம். பல இடங்களில் நடப்பது, மூன்றாம் நாளே அதே தளத்தின் மேல் செங்கல் அடுக்குவது.

டைல்ஸ் நிறத்துக்கு வாரக்கணக்கில் கடை ஏறி இறங்கும் குடும்பம், கான்கிரீட் கொட்டும் நாளில் கட்டுமான இடத்தில் ஒரு பொறியாளர் இருக்கிறாரா என்று கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் கியூரிங்கைத் தனி வேலையாக எழுதி, அது முடிந்தால்தான் அந்தத் தவணைப் பணம் என்று வைக்க வேண்டும். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் விழும் முன் படம் எடுத்துப் பொறியாளரின் கையெழுத்தோடு பதிவு வைக்க வேண்டும். அரசுக் குடியிருப்புகளில் இந்தப் பதிவு குடியேறுகிறவர்களின் கைக்கே வர வேண்டும்; அவர்கள்தான் அந்தக் கூரையின் கீழ் தூங்கப் போகிறவர்கள்.

ஏற்கெனவே விரிசல் உள்ள வீடுகளில் பட்டி பூசி மறைப்பதை நிறுத்துங்கள். விரிசலின் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். அது நீண்டாலோ, கம்பியின் வழியே ஓடிப் பழுப்புக் கறை காட்டினாலோ, தூணையொட்டிய பீமில் சாய்வாக இறங்கினாலோ, பெயின்டரைக் கூப்பிடாமல் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.