கழுத்துக் கருமை அழுக்கன்று

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், நம் வீடுகள் பலவற்றில் பிள்ளையின் பிடரிக்குத்தான் முதல் தண்டனை. அங்கே படர்ந்திருக்கும் கருமையைப் பயத்தம் மாவும் எலுமிச்சைச் சாறும் இட்டுத் தோல் சிவக்கும்வரை தேய்க்கிறோம். போகவில்லையெனில், ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று கடிந்துகொள்கிறோம். மதரஸாவில் சக பிள்ளைகள் இதைச் சொல்லிக் கேலி செய்வதையும் காண்கிறோம். இந்தப் பழி நீதியற்றது.

சற்றுச் சிந்திப்போம். இதே கருமை சிலருக்கு விரல் மூட்டுகளிலும் தோன்றுகிறது. நாளுக்கு ஐந்து முறை உளூவில் கழுவப்படும் இடமல்லவா அது? அழுக்காயின் என்றோ நீங்கியிருக்குமே!

மருத்துவர்கள் இதனை அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பர். பிடரி, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் கருத்துத் தடித்து, வெல்வெட் துணிபோல் ஆகிவிடும். பெரும்பாலும் இதன் காரணம் உடலுக்குள்ளே இருக்கிறது. உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உயிரணுக்கள் ஏற்கத் துணைசெய்வது, கணையம் சுரக்கும் இன்சுலின். உடல் அதற்குச் சரிவர இணங்காதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துவிட்ட அந்த இன்சுலின் தோலின் உயிரணுக்களைத் தூண்டி அளவுமீறிப் பெருகச் செய்கிறது. அப்போது இரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருக்கக்கூடும். நீரிழிவு வருமுன்னரே தோல் நம்மை எச்சரிக்கிறது.

நாமோ எச்சரிக்கையை அழிக்க வெளுப்புக் களிம்பு தேடுகிறோம். அத்தகைய களிம்புகள் சிலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நோயோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே பிடரி கருத்த பிள்ளையை, குறிப்பாக உடல் பருத்திருந்தாலோ மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்தாலோ, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1சி ஆகிய எளிய இரத்தப் பரிசோதனைகளே தொடக்கத்தில் போதும். எல்லாக் கருமையும் இதனால் வருவதன்று; சில மருந்துகளாலும் பரம்பரையாலும் வரலாம். நடுவயதினருக்குத் திடீரெனப் பரவி உடலும் மெலிந்தால், அரிதாக அது உள்ளுறுப்புப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம், தாமதிக்கலாகாது.

இதற்கு வழி உண்டு. 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தோருக்கு உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியுமே அந்நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 28 விழுக்காடு குறைத்தன. உடல் எடை குறைந்து இன்சுலின் சீரானால் கருமையும் மெல்ல மங்கும்.

இங்கே பெற்றோரிடம் ஒன்று கேட்போம். வயதுக்கு வந்த பிள்ளையை வீட்டுக்குள்ளேயே இருத்திவிட்டு, விருந்துதோறும் நெய்ச்சோறும் இனிப்பும் பரிமாறிவிட்டு, அவள் பருத்துவிட்டாள் எனக் குறை கூறுவது முறையாகுமா? பஜ்ருக்குப் பின் தாயும் மகளும் ஹிஜாபுடன் அரைமணி நேரம் சேர்ந்து நடப்பதை எந்த மார்க்கச் சட்டமும் தடுக்கவில்லை. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிள்ளையின் உடல் பெற்றோரிடமும் அமானிதமே. அடுத்த முறை அந்தப் பிடரியைப் பார்க்கும்போது, தேய்க்கும் கையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு நாள் குறிப்போம்.