கணிப்பொறிப் பக்கம்: வாப்பாவின் பழைய டிஸ்க்



இம்மாதம் வந்த மடல்களுள் ஒன்றை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஏனையவற்றுக்குத் தனித்தனியே விடை எழுதிவிட்டேன்.

இராமநாதபுரம் மாவட்டத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். மர்ஹூமான அவருடைய வாப்பா சவூதியில் நெடுங்காலம் பணிபுரிந்துவிட்டு ஊர் திரும்பியவர். 2007ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறியொன்றில் ஹஜ் பயணப் படங்கள், பிள்ளைகளின் நிக்காஹ் படங்கள், தம் பேத்திக்கு யாசீன் சூராவைச் சொல்லிக் கொடுத்தபோது பதிவு செய்த குரல் ஆகிய அனைத்தையும் சேர்த்து வைத்திருந்தார். அக்கணிப்பொறி பழுதாகிவிடவே, சகோதரியின் மகன் அதிலிருந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றி, வீட்டிலுள்ள புதிய கணிப்பொறியில் இரண்டாவது டிஸ்காகப் பொருத்தினார். அதுவரை அரை நிமிடத்தில் திறந்துகொண்டிருந்த கணிப்பொறி, அன்று முதல் ஆறேழு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சில வேளை வாப்பாவின் படங்கள் தெரிகின்றன. சில வேளை அந்த டிஸ்கே காணப்படுவதில்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, ஃபார்மட் செய்துவிட்டால் வேகம் வந்துவிடும் என்றாராம். "என்ன செய்யட்டும் காக்கா?" என்று முடிக்கிறார்.

சகோதரி, மடல் கண்ட அன்றே தொலைபேசியில் சொன்னதை மற்ற வாசகர்களுக்காகவும் எழுதுகிறேன். முதலில் கணிப்பொறியை அணையுங்கள். ஃபார்மட் வேண்டவே வேண்டாம். தாமதத்தைப் போக்கும் வழியைப் பிறகு பார்க்கலாம். அந்தத் தாமதம் உங்களிடம் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது.

புதிய கணிப்பொறிகளில் விண்டோஸ் குடியிருப்பது பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. என்னும் சில்லுவகைச் சேமிப்பகத்தில். அதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கோ நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு; அதற்கு மேலே, மயிரிழையினும் மிக மெல்லிய இடைவெளியில் மிதந்தபடி ஒரு முனை படித்துச் செல்கிறது. இயல்பாகவே இது மெதுவானதுதான். ஆனால் நலமாக உள்ள பழைய டிஸ்கை இரண்டாவதாகப் பொருத்தினால், தட்டு சுழன்று வேகம் பிடிக்கும் வரை சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவே. ஆறு நிமிடம் ஆகாது.

கணிப்பொறி உயிர்பெறும்போது, தன்னோடு இணைந்துள்ள ஒவ்வொரு டிஸ்கையும் அழைத்து, அதன் தொடக்கப் பகுதியையும் கோப்புப் பட்டியலையும் படித்துப் பார்க்கிறது. ஓரிடம் தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால் டிஸ்க் உடனே கைவிரிப்பதில்லை. மீண்டும் மீண்டும் முயல்கிறது. ஒரே இடத்திற்குப் பல விநாடிகள் போய்விடும். விண்டோஸும் பொறுத்திருந்து மறுபடி கேட்கிறது. விருந்தில் ஸஹனைச் சுற்றி அமர்ந்தவர்களுள் ஒருவர் வரத் தாமதமானால், மற்றவர்கள் சோற்றில் கை வைக்காமல் காத்திருப்பார்களே, அந்தக் கதைதான். விண்டோஸ் இருக்கும் புதிய சேமிப்பகம் எவ்வளவு வேகமானதாயினும் பயனில்லை.

இதனால் மெதுவாகத் தொடங்கும் கணிப்பொறியில் உள்ள டிஸ்க் எல்லாமே சாகப்போகிறது என்று அஞ்ச வேண்டாம். கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே தொல்லை வரும். பழைய டிஸ்கிலும் ஒரு விண்டோஸ் இருந்து, பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையின் முதலிடத்தை அது பிடித்துக்கொண்டாலும் குழப்பம் நேரும். வரிசையில் புதியதை முதலில் வைத்தால் தீர்ந்தது. சகோதரியின் வீட்டில் திறப்பது புதிய விண்டோஸ்தான் என்பதால் அக்காரணம் இங்கில்லை.

எது காரணம் என்று அறிய ஊகம் தேவையில்லை. ஒவ்வொரு ஹார்டு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் அக்குறிப்பைக் காட்டும். மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். 5 என்னும் எண்ணுள்ள வரி, கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் தொகை. 197, படிக்க முடியாமல் ஐயத்தில் நிறுத்தப்பட்டுள்ளவை. 199, கேபிள் வழியே தகவல் சிதைந்துபோன தடவைகள். மென்பொருளில் இவ்வெண்கள் 05, சி5, சி7 என்ற வடிவிலும் தோன்றக்கூடும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள். சொற்பச் செலவில் வேலை முடிந்தது. 197 பூச்சியமாக இல்லையெனில் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

தம்பி தொலைபேசியில் படித்துக் காட்டினார்: 199இல் பூச்சியம், 197இல் நூற்றுக்கு மேல். டிஸ்கிலிருந்து டக், டக் என்று ஓசை வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ். அந்த ஓசை வந்திருந்தால் வீட்டில் யாரும் எதுவும் செய்யாமல், தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொண்டு செல்ல வேண்டியதுதான், செலவு அதிகம். மூடியைத் திறந்து பார்ப்பதும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பதும் இருக்கும் உயிரையும் போக்கும் வேலைகள்.

பிறகு நடந்தது இது. பழைய டிஸ்கைக் கணிப்பொறியின் உள்ளிருந்து கழற்றி, தனி மின்சாரம் பெறும் யு.எஸ்.பி. பெட்டியில் பொருத்தச் சொன்னேன். கணிப்பொறியை அது இல்லாமலே தொடங்கினால் பழையபடி அரை நிமிடத்தில் திறந்தது. சகோதரி கேட்ட கேள்விக்கு விடை அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது! ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது வேகமன்று, வாப்பா.

விண்டோஸ் திறந்த பின்னரே பெட்டியை இணைக்க வேண்டும். "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். தொடங்கும்போது தானாகவே டிஸ்கைச் சோதிக்கப் புறப்பட்டால், ஏதேனும் ஒரு விசையை அழுத்தித் தவிர்த்துவிடுங்கள். சோதனையும் சீர்திருத்தமும் நலிந்த டிஸ்கை மணிக்கணக்கில் உழைக்க வைக்கும். படிக்க முடியாத கோப்புகளைத் துண்டாடியும் விடும். பிரதி எடுக்கும் முன் அதனைச் செய்யலாகாது. கடைக்காரர் சொன்ன ஃபார்மட், தேய்ந்த தட்டைப் புதிதாக்காது. உள்ளிருப்பதை எட்டாமல் ஆக்கும்.

எதை முதலில் எடுப்பது என்பதில் தம்பிக்கும் எனக்கும் சிறு வாதம். மொத்தமாக இழுத்துப் போட்டுவிடலாம் என்றார் அவர். வேண்டாம், ஒவ்வொரு முறையும் டிஸ்க் இதுவே கடைசி என்பதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். முதலில் குரல்; அடுத்து ஹஜ் படங்கள்; பிறகு நிக்காஹ் படங்கள். திரைப்படம், பழைய மென்பொருள் எதுவும் வேண்டாம். யாசீன் பதிவு முழுமையாக வந்துவிட்டது. சகோதரி அன்று தொலைபேசியில் பேச முடியாமல் மகனிடமே கொடுத்துவிட்டார்.

நிக்காஹ் படங்களுள் சில பாதியில் நின்றன. அவற்றுக்காக, லினக்ஸில் இயங்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்னும் இலவசக் கருவியைப் பயன்படுத்தினோம். எளிதில் படிக்கக் கூடியவற்றை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துப் பின்னர் திரும்பி வந்து முயல்வது இதன் நல்ல குணம். டிஸ்க் முழுவதையும் கொள்ளும் அளவுக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும். எது பழையது, எது புதியது என்பதைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துபோகும். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். இரண்டு நாள் ஓடியது. பன்னிரண்டு படங்கள் தவிர ஏனையவை கிடைத்தன.

நம் குடும்பங்கள் மறந்துவிடும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ள டிஸ்க் அமானிதப் பொருள். கடையில் விட்டுவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்வது முறையன்று. வேலை முடியும் வரை உடனிருங்கள். பழையதைக் காயலான் கடைக்கும் போடாதீர்கள். விரைவு ஃபார்மட் கோப்புகளை அழிப்பதில்லை, பட்டியலைத்தான் வெறுமையாக்குகிறது. அவற்றை மீட்டெடுக்க இலவச மென்பொருள்களே உண்டு. முழுதும் துடைத்தாலும் கெட்ட பகுதிகளில் மிச்சம் இருக்கக்கூடும். வேலை முடிந்த டிஸ்கில் தட்டின் ஊடே துளையிட்டுவிடுவது மேல்.

சகோதரி துளையிடவில்லை. உறையிலிட்டு அலமாரியில் வைத்திருக்கிறாராம். பிரதிகள் இரண்டு எடுத்தாயிற்று. ஒன்று அவரிடம், மற்றொன்று துபாயிலுள்ள தம்பியிடம். வராமற்போன பன்னிரண்டு படங்களும் மணமகள் வீட்டு ஆல்பத்தில் இருக்குமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்.

கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.