கோதுமைக்கு வேண்டும் வெப்பம் தாங்கும் விதை

2022 மார்ச்சில் வட இந்தியக் கோதுமை வயல்களுக்கு நேர்ந்ததை மத்திய அரசு மறந்துவிடக் கூடாது. 1901 முதல் பதிவான மார்ச் மாதங்களிலேயே அதுதான் மிகக் கடுமையான வெப்பம் கண்டது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அனல் வீசியதால், திரள வேண்டிய மணிகள் அவசரமாகப் பழுத்துச் சுருங்கின. சுருங்கிய, உடைந்த மணிகள் 6 சதவீதம் வரை இருக்கலாம் என்பது கொள்முதல் விதி. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் அந்த வரம்பை 18 சதவீதமாக அரசே உயர்த்த வேண்டியதாயிற்று. உக்ரைன் போரால் வெளிச்சந்தை விலையும் ஏறியதில், முந்தைய ஆண்டு 4.33 கோடி டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் 1.88 கோடி டன்னாகச் சரிந்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பல மாநிலங்களில் ரேஷன் கோதுமைக்குப் பதிலாக அரிசி தரப்பட்டது.

அதன் பிறகு விளைச்சல் மீண்டுவிட்டதே, 2024-25இல் சுமார் 11.8 கோடி டன் என்ற சாதனையும் படைத்தோமே என்று கேட்கலாம். உண்மைதான். அதில் புதிய ரகங்களின் பங்கு பெரிது. பருவநிலை ஒத்துழைத்ததும் ஒரு காரணம். ஆனால் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் உலகக் கோதுமை விளைச்சல் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. நல்ல ஆண்டுகளை நம்பி உணவுப் பாதுகாப்பைக் கட்ட முடியாது.

விதை ஒரு நாட்டின் தலையெழுத்தையே மாற்றும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். ஜப்பானின் நோரின் 10 ரகத்தின் குட்டைத் தன்மையை வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் கோதுமையில் ஏற்றினார். ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் இரண்டு போகம் விதைத்து, ரகம் உருவாகும் காலத்தைப் பாதியாக்கினார். 1966இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதையைத் தருவித்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் அவ்விதைகளை நம் மண்ணுக்கு ஏற்றவையாக்கினார்கள். அன்று தேவை, உரமிட்டாலும் சாயாத பயிர். இன்று தேவை, வெயிலடித்தாலும் மணி சுருங்காத பயிர்.

அதற்கான வழியும் தெரிந்ததே. அக்டோபர் பிற்பகுதியிலேயே விதைத்துவிட்டால் மார்ச் வெப்பத்துக்கு முன்பே மணி முற்றிவிடும். ஆனால் வழக்கமான ரகங்களை அப்படி விதைத்தால் அவை முன்கூட்டியே பூத்து, தூரும் கதிரும் இளைத்துப்போகும். ஓரளவு குளிர் கண்ட பிறகே பூக்கும் ரகங்கள்தான் இதற்குத் தீர்வு. தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்.டி. 3385 இந்த நோக்கில் உருவானது. கோடையில் கோதுமையின் அடுத்த தலைமுறையை வளர்க்க நீலகிரி வெலிங்டனிலும் இமயத்தின் லாஹௌலிலும் நிலையங்கள் இருக்கின்றன. அறிவியலில் நாம் பின்தங்கவில்லை. அதைப் பேணுவதில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

கோதுமை தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும் பயிர். விவசாயி விளைந்ததில் ஒரு பங்கை எடுத்துவைத்து மறு ஆண்டும் விதைக்கலாம். அவருக்கு இது பெரிய வரம். ஆண்டுதோறும் விதை விற்க நினைக்கும் தனியார் நிறுவனங்களுக்கோ இதில் லாபம் குறைவு. எனவே கோதுமை ஆராய்ச்சியை அரசு கைவிட்டால் அந்த இடத்தை நிரப்ப வேறு ஆள் வராது. அப்படியிருந்தும் வேளாண் உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதத்தைக்கூட நாம் வேளாண் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை.

நல்ல ரகம் பிறந்தாலும் வயலுக்குப் போய்ச் சேர ஆண்டுகள் பிடிக்கின்றன. 2011இல் வெளியான எச்.டி. 2967, மஞ்சள் துரு நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றிய பிறகும் லட்சக்கணக்கான ஏக்கரில் விதைக்கப்பட்டது. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய விதை போதுமான அளவில், உரிய நேரத்தில் கிடைத்தால்தான் அவர் மாறுவார். விதையோடு நீர், மண் பராமரிப்பும் சேர வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் விதை இல்லாமல் மற்றவை மட்டும் கைகொடுக்காது.

மத்திய அரசு மூன்றைச் செய்ய வேண்டும். வேளாண் ஆராய்ச்சிக்கான ஒதுக்கீட்டை வேளாண் உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு உயர்த்தி, அதைப் பத்தாண்டுக்கு உறுதி செய்ய வேண்டும். வெப்பம் தாங்கும் திறனைப் புதிய கோதுமை ரகங்களுக்குக் கட்டாயத் தகுதியாக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையம் தரும் வல்லுநர் விதை, சான்று விதையாகப் பெருகி விவசாயியின் கைக்கு வரும் காலத்தைக் குறைக்க வேண்டும். ஒரு ரகம் உருவாகப் பத்தாண்டு ஆகிறது. 2035இன் மார்ச் வெயிலைத் தாங்க வேண்டிய விதைக்கு இந்த நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்கியாக வேண்டும்.