வருவது பற்று, போவது வரவு

2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 மேட்ச் ஆடி 4 ஜெயித்தது. சேப்பாக்கத்திலேயே ஆறில் ஐந்து அவுட்! முதல் தடவையாகக் கடைசி இடம். அந்த இரண்டு மாசமும் எங்கள் சிதம்பரம் - கடலூர் பஸ்ஸில் ஒரே தீர்மானம்தான்: 'கிழங்களை எல்லாம் அனுப்புங்கய்யா!' (43 வயசு தோனி மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார்.) பி.முட்லூரில் ஏறுகிறவர் வழிமொழிவார்; ஆலப்பாக்கத்தில் ஏகமனதாக நிறைவேறும்.

நவம்பரில் நிர்வாகம் காது கொடுத்துவிட்டது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குத் தந்து சஞ்சு சாம்சனை வாங்கியது. திங்கட்கிழமை பஸ் இழவு வீடு. 'ஜட்டுவை எப்படிக் கொடுக்கலாம்?' - கேட்டது அதே ஆசாமிகள்!

நான் பி.காம். வேறெதற்கும் உதவாத படிப்பு, இதற்காவது உதவட்டுமே என்று, "வர்றவருக்கு 31 வயசு, கீப்பிங்கும் பண்ணுவார். போறவருக்கு அடுத்த மாசம் 37. தேய்மானம் போட்டுப் பாருங்க சார்" என்றேன்.

"2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துக்குப் பத்து ரன். சிக்ஸ், ஃபோர்! அதை எந்தக் கணக்குல எழுதுவீங்க தம்பி?"

ஜன்னலோரப் பெரியவர். ரிடையராக மூன்று வருஷம் இருக்கும்போது ஆபீஸில் ஊர் மாற்றிவிட்டதால் இந்த பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தவர்.

'குட்வில்' என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். விலைக்கு வாங்கினவன்தான் அதைப் புத்தகத்தில் எழுதலாம். சம்பாதித்தவன் எழுத முடியாது.

டிசம்பர் ஏலத்தில் 19, 20 வயசுப் பையன்கள் இரண்டு பேரை ஆளுக்கு 14.20 கோடிக்கு எடுத்தார்கள்.

"யாருய்யா இவனுங்க? அனுபவமே இல்லையே!" என்றார், புதுச்சத்திரத்தில் ஏறியவர்.