வெண்திரையும் கரிச்சுரங்கமும்

மின்விளக்கை ஏற்றும் கை அவ்வொளி எங்கிருந்து வருகின்றதென வினவுவதில்லை. அவ்வினாவைப் பாமர ஜனங்களின் முன் வைக்கும் வல்லமை சினிமாவுக்கு உண்டு. பத்திரிகையும் பிரசங்கமும் எட்டாத செவிகளையும் அது எட்டுமாதலால், அது கூறுவது எவ்வளவு மெய் என்று சோதித்தல் நம் கடமையாகும்.

1979-ஆம் வருஷத்தில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று, அமெரிக்கப் படமாகிய 'தி சைனா சிண்ட்ரோம்'. அணுசக்தி நிலையமொன்றில் பற்றவைப்புகளின் சோதனைப் பதிவுகள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டதை ஓர் அதிகாரி கண்டறிவதே அதன் கதை. மார்ச்சு 16-ல் அது திரைக்கு வந்தது. பன்னிரண்டே தினங்களில் பென்ஸில்வேனியாவிலுள்ள திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் மெய்யாகவே அணு உலையின் உட்பாகம் ஏறக்குறைய பாதி உருகிற்று.

மற்றொன்று, யஷ் சோப்ராவின் 'காலா பத்தர்' என்னும் ஹிந்திப் படம். 1975 டிசம்பர் 27-ல் தன்பாதுக்கு அருகே சாஸ்நாலா சுரங்கத்தில், கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிய நீர் உடைத்துப் புகுந்து 370-க்கு மேற்பட்ட தொழிலாளிகளை மாய்த்தது. அத்துயரமே அப்படத்தின் மூலம்.

படத்தில் குற்றவாளி யார்? எச்சரிக்கையைப் புறக்கணித்த பேராசைபிடித்த முதலாளி. ஆனால் சாஸ்நாலா சுரங்கத்துக்குரிய கம்பெனியின் நிர்வாகத்தைச் சர்க்கார் 1972-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இதைப் படம் சொல்லவில்லை. தனி முதலாளிகளின் லாபவெறிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆயினும் பழி முழுவதையும் ஒரு துஷ்டன் தலையில் சுமத்தினால், அவன் ஒழிந்ததும் ஆபத்தும் ஒழிந்ததென்று ஜனங்கள் நிம்மதியாய் வீடு திரும்புவர். வெள்ளம் சுரங்கத்தின் உடைமையாளர் யாரென்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

அமெரிக்கப் படத்திலும் லோபிகள் உண்டு, எனினும் "சோதித்தவர் யார், பதிவு மெய்யா?" என்ற கேள்வியை அது எழுப்பிற்று. சுதந்திர நாட்டுப் பிரஜை கேட்க வேண்டிய கேள்வி அதுவே. நம் தேசத்து மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே பிறக்கின்றது. அக்கரியை வெட்டுவோரின் உயிருக்குக் காவல் கதாநாயகனின் புஜபலமன்று. ஒழுங்கான பரிசோதனையும், அதன் முடிவை மறைக்காத நிர்வாகமுமே ஆகும்.

நம் படமுதலாளிகள் இதையும் கதையாக்க முன்வருவார்களா? அவர்கள் வரும்வரை நேயர்கள் வாளாவிருத்தல் தகாது. சர்க்கார் சுரங்கமாயினும் தனியார் சுரங்கமாயினும், பரிசோதனைப் பதிவுகளைப் பகிரங்கமாக்கும்படி கோருவார்களாக.