பாலைநிலத்தில் இரண்டு நாட்கள்



எகிப்து நாட்டில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை நாட்கள். வியாழன் மாலை அலுவலகங்கள் மூடப்பட்டதும் கெய்ரோ நகரத்தவர் சிலர் முதுகில் ஒரு பையுடன் பஸ் ஏறுகின்றனர். சுயஸ் கால்வாயைக் கடந்து, இரவெல்லாம் பயணஞ்செய்து, சீனாய்ப் பாலைநிலத்தின் நடுவே புனித கத்தரீனாள் மடத்தை அண்டிய சிற்றூரில் இறங்குகின்றனர். இரு நாட்கள் மலைகளில் நடந்துவிட்டுத் திரும்புவதே அவர்களின் நோக்கம். அவர்கள் யாத்திரிகர் அல்லர், களைத்துப்போனவர்கள், அவ்வளவே. ஆயினும் களைத்துப்போன ஓர் இறைவாக்கினர் தேடிச்சென்ற மலை அது என்பதை நாம் அறிவோம்.

எலியாவின் வரலாற்றை 1 அரசர்கள் 19இல் மீண்டும் வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் பெருவெற்றி கண்டவர், ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டினார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. செபிக்கும்படியும் சொல்லவில்லை. உறங்கவிட்டார். பின்பு தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். உண்டவர் மறுபடியும் உறங்கினார், அதற்கும் தடையில்லை. இரண்டாம் முறை உணவூட்டிய பின்னரே ஓரேபு மலையை நோக்கிய நாற்பது நாள் நடை தொடங்குகிறது. குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது எங்கள் கவனமெல்லாம் காற்று, நிலநடுக்கம், தீ, அவற்றின்பின் வந்த மெல்லிய ஒலி என்பவற்றிலேயே இருந்தது. அப்பமும் உறக்கமும் விளக்கவுரைக்கு உரியனவாக எவருக்கும் தோன்றவில்லை.

இக்குறை எமது பங்குகளிலும் உண்டு. நித்திரையின்றி ஓடித்திரியும் குருவையே மக்கள் புகழ்கின்றனர். நானும் பல ஆண்டுகள் அப்புகழை விரும்பினேன். ஒருநாள் ஒரு தாய் தம் மகனைப்பற்றி என்னிடம் அழுதபடி சொல்லிக்கொண்டிருந்தார். முடிவில் அவர் ஏதோ கேட்டார். மறுமொழி கூற இயலாமல் விழித்தேன். அவர் சொன்னதிற் பாதி என் காதில் விழவேயில்லை. உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரைப் பாலைநிலத்திற்கு வந்து சற்று ஓய்ந்திருக்கும்படி இயேசு அழைத்ததை (மாற்கு 6:31) நான் எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருந்தேன்! மக்கள் அவர்களுக்கு முந்தியே அங்கு போய்ச் சேர்ந்தனர் என்பது வேறு விடயம்.

அதே ஆண்டில் யாத்திரைக் குழுவொன்றுடன் சீனாய் சென்ற நான், குழு திரும்பிய பின்னும் இரு நாட்கள் தங்கினேன். ஜெபெல் மூசா எனப்படும் மோசேயின் மலை 2,285 மீற்றர் உயரமானது. எமது குழுவினர், ஏனையோரைப் போலவே, நள்ளிரவில் ஏறி, சிகரத்தில் சூரிய உதயத்தைப் படம்பிடித்து, இறங்கிவந்து பஸ்ஸில் அமர்ந்துவிட்டனர். இவ்வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. சிகரத்திற்கு ஏறும் கடைசி 750 படிகளுக்குக் கீழே எலியாவின் பெயரால் ஒரு தாழ்நிலமும், முதிய சைப்ரஸ் மரமும், சிற்றாலயமும் உள்ளன. இருட்டில் விரைவோர் அவற்றைக் காண்பதேயில்லை. பழைய படிவழியில் ஒரு கல்வாயில் உண்டு. ஸ்தேவான் என்னும் துறவி அங்கமர்ந்து, மேலே செல்வோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார் என்பது மரபு.

எனக்கு வழிகாட்டியவர் ஜெபெலியா குலத்துப் பெதூயின் ஒருவர். மதியத்தில் அவர் மாவைப் பிசைந்து தணலுக்குள் புதைத்தார். வெந்ததும் சாம்பலைத் தட்டிவிட்டு என் கையில் தந்தார். எலியா உண்டதும் இத்தகைய அப்பமே என எண்ணியபடி உண்டேன். உண்டதும் ஒரு பாறையின் நிழலில் உறங்கிப்போனேன். செபப் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது.

2021 முதல் அவ்வூரில் எகிப்திய அரசு ஹோட்டல்களையும் வீதிகளையும் கட்டி வருகிறது. அமைதியைத் தேடி வருவோருக்காக அமைதியைக் கலைப்பது விந்தையே.

இத்தகைய ஓய்வு வசதியுள்ளோருக்கு மட்டுமே வாய்க்கும் என நீங்கள் கூறலாம். அது பெருமளவு மெய். பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு தாய் சீனாய்க்குப் போக முடியாது. எனினும் சூரைச்செடியின் நிழலில் உறங்கக் கடவுச்சீட்டு எதற்கு? அவளுக்கு ஒரு பிற்பகல் உறக்கத்தைக் கொடுக்க வீட்டிலுள்ள மற்றவர்களால் இயலாதா?

ஓரேபில் கடவுள் எலியாவை அங்கேயே இருக்கவிடவில்லை. நீ இங்கு செய்வதென்ன என்று இருமுறை வினவினார். தான் ஒருவனே எஞ்சியிருப்பதாக எலியா இருமுறையும் முறையிட்டார். இன்னும் ஏழாயிரம் பேர் உளர் என அறிவித்து, வந்த வழியே தமஸ்குப் பாலைநிலத்தை நோக்கித் திருப்பி அனுப்பினார் ஆண்டவர்.

ஊர் திரும்பிய வாரமே அத்தாயின் வீட்டுக்குச் சென்றேன். அன்று நான் சரிவரக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, மகனின் கதையை முதலிலிருந்து சொல்லும்படி வேண்டினேன். அவர் சொல்லி முடிக்க இரண்டு மணித்தியாலங்கள் சென்றன.