உலாவியும் நம் மௌனமும்



உலா என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்குவதாகப் பாடுவது உலா இலக்கியம். ஒட்டக்கூத்தரின் மூவருலா அவ்வகையில் பெயர் பெற்றது. அச்சொல்லோடு உறவுடைய 'உலாவுதல்' என்னும் வினையிலிருந்து கணினித் தமிழ் 'உலாவி' என்னும் கலைச்சொல்லை ஆக்கிக்கொண்டது. இணையப் பக்கங்களைத் திறந்து நம் கண்முன் காட்டும் மென்பொருளே உலாவி எனப்படுவது.

இவ்வுலாவிகள் அடிக்கடி புதுப்பதிப்பாக வெளிவருகின்றன. வெளிவருந்தோறும் உலகெங்கும் அதனைப் பயன்படுத்துவோர் வாயாரப் புகழ்கின்றனர். மனம் வெதும்பிச் சாடுகின்றனர். அப்புகழ்ச்சியிலும் சாடலிலும் தமிழ் மக்களாகிய நம் குரல் எவ்வளவு? இவ்வினாவைத் தமிழ்த்துறை மலரில் எழுப்புதல் பொருத்தமே என்று கருதுகிறோம். ஏனெனில், இது வெறும் கருவியைப் பற்றிய பேச்சன்று. நம் எழுத்து திரையில் ஒழுங்காக நிற்குமா, சிதறுமா என்பதைப் பற்றிய பேச்சாகும்.

சிதறிய எழுத்து

கணினியில் இன்று வழங்கும் ஒருங்குறியில் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. 'கொ' என்பதை எழுத வேண்டின், அகரமேறிய ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்துச் சேமிக்கப்படுகின்றன. அவற்றைச் சேர்த்து, கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் நிறுத்தி, ஒரே எழுத்தாகக் காட்டும் பொறுப்பு மென்பொருளுடையது. அப்பொறுப்பை அது சரிவரச் செய்யாவிடில் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறோரிடத்திலும் கிடக்கும். இடையே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தோன்றி நம்மை நோக்கி நகைக்கும்.

இக்குறை ஒரு காலத்தில் பலரையும் வருத்தியது. 2004இல் முதற்பதிப்பாக வெளிவந்த பயர்பாக்ஸ் உலாவியைத் தமிழ் வலைப்பதிவர் பலர் விரும்பி ஏற்றனர். ஆயினும் விண்டோஸ் கணினிகளில், பத்தியின் இரு ஓரங்களையும் சீராக அமைத்த தமிழ்ப் பக்கங்களை அது உடைத்தே காட்டியது. சொற்களுக்கு இடையே மட்டும் இடம் விடுவதற்கு மாறாக, உயிர்மெய்யின் உறுப்புகளையே அது பிரித்துவிட்டது. தமிழன்பர் பலர் அக்குறையை எடுத்துக்காட்டினர். பக்கத்தின் ஓரத்தைச் சீராக்காமல் விடுங்கள் என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர்.

2008 ஜூன் 17 அன்று அவ்வுலாவியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. 24 மணி நேரத்தில் 80,02,530 முறை அது பதிவிறக்கப்பட்டமை கின்னஸ் சாதனையாயிற்று. எழுத்தைத் திரையில் அமைக்கும் பகுதி அப்பதிப்பில் புதிதாக எழுதப்பட்டிருந்தது; உடைந்த தமிழ் ஒன்றாயிற்று. உலகம் அப்பதிப்பின் விரைவைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, தமிழர் தம் எழுத்து சேர்ந்து நின்றது கண்டு மகிழ்ந்தனர். ஒரே பதிப்பு, வேறு வேறு மகிழ்ச்சி!

வரவேற்பும் வெறுப்பும்

அதே மூன்றாம் பதிப்பு கடும் கண்டனத்தையும் பெற்றது. முகவரிப் பட்டியில் ஓரெழுத்தை அடித்ததும், முன்பு பார்த்த பக்கங்களின் தலைப்புகளை எல்லாம் அது வரிசையாகக் காட்டத் தொடங்கியது. மறந்த முகவரியையும் தேடித் தருகிறதே என்று சிலர் வியந்தனர். நாம் பார்த்தவற்றை எல்லாம் பிறர் காண அம்பலப்படுத்துகிறதே என்று வேறு சிலர் வெகுண்டனர். பழைய தோற்றத்தை மீட்டுத் தரும் நீட்சி ஒன்றையே ஆர்வலர் எழுதி வழங்கினர். ஒரே கணினியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் இணைய மையங்கள் மலிந்திருந்த அக்காலத்தில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் மாணவர்க்கு அந்த அச்சம் பொருளற்றதன்று.

மற்றொரு குறை அதனினும் பெரிது. அப்பதிப்பு விண்டோஸ் 98 கணினிகளில் இயங்கவில்லை. பழைய கணினியன்றி வேறு இல்லாத பள்ளிக்கும் ஏழை வீட்டிற்கும், எழுத்து உடையாத உலாவி எட்டாக்கனியாயிற்று. இக்கதை அத்துடன் முடியவில்லை. குரோம் உலாவி 2016இல் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளைக் கைவிட்டது; 2023இல் விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றையும் கைவிட்டது. பாதுகாப்பின் பொருட்டு இது தேவை என்று கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆயினும் புதுமையின் விலையை முதலில் செலுத்துபவன் பழைய கருவியை வைத்திருக்கும் எளியவனே என்பதை மறத்தல் அறமாகாது.

2017 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்ஸ் 57ஆம் பதிப்பும் இத்தகையதே. விரைவு பெருகியது, ஆனால் பழைய அமைப்பில் எழுதப்பட்ட நீட்சிகள் அனைத்தும் செயலிழந்தன. தன்னார்வலர் பல்லாண்டு உழைத்து ஆக்கிய கருவிகள் ஒரே நாளில் பழங்கதையாயின. ஆதலின், புதுப்பதிப்பைக் கண்டு முகம் சுளிப்போரைப் பழமைவாதிகள் என்று இகழ்தல் தகாது. அவர்தம் முணுமுணுப்பில் பாதி, பயன்பாட்டின் அறிவு.

'இலவசமாகத் தருவதைக் குறை கூறலாமா?' என்று சிலர் வினவுவர். விலை இல்லை என்பது உண்மை. கைம்மாறு இல்லை என்பது உண்மையன்று. பழைய உலாவில் வீதியில் நின்றோர் உலாப்போந்த தலைவனை நோக்கினர். இன்றைய இணையத்திலோ, உலா வருபவர் நாம்; நாம் எங்குச் சென்றோம், எதைப் பார்த்தோம் என்று மறைந்து நின்று நோக்குபவர் விளம்பர வணிகர். அந்நோக்கைத் தடுக்கும் நோக்குடன், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலாவிக்கு 'உலா' என்றே தமிழ்ப் பெயர் சூட்டியது. நடுவண் அரசு நடத்திய உலாவி உருவாக்கப் போட்டியில் 2025இல் அது ஒரு கோடி ரூபாய் முதற்பரிசு பெற்றமை நமக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும், கூகுள் திறந்து வைத்த குரோமியம் என்னும் அடித்தளத்தின் மீதே அதுவும் எழுந்துள்ளது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பெருமையும் விழிப்பும் ஒருங்கே இருத்தல் நலம்.

அறபுத்தமிழ் காட்டிய வழி

எழுதும் கருவி தம் மொழிக்கு ஒத்துவராதபோது நம் முன்னோர் என் செய்தனர்? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுத முற்பட்டனர். ட, ண, ள, ப போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. 'இல்லாததற்கு என் செய்வது' என்று அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. இருந்த எழுத்துகளிலே புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துகளைப் படைத்தனர். அவ்வாறு பிறந்த அறபுத்தமிழில் 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற சான்றோர் நூல்கள் செய்தனர். எழுத்து மொழிக்காக வளைந்தது. மொழி எழுத்துக்காக வளையவில்லை.

இன்று ஒரே பக்கத்தில் வலமிருந்து இடமாக ஓடும் இறைமறை வசனத்தையும் இடமிருந்து வலமாக ஓடும் அதன் தமிழாக்கத்தையும் நாம் படிக்கிறோம். அரபு எழுத்துகள் கைகோத்து நிற்கின்றன. தமிழ் உயிர்மெய் ஒன்றி நிற்கின்றது. இது தானாக விளைந்ததன்று. குறை கண்டவர் எடுத்துரைத்தனர்; வல்லுநர் செவிசாய்த்தனர்; அதனால் விளைந்தது. எடுத்துரைக்காத மொழியின் குறை எவர் கண்ணிலும் படாது.

நாம் செய்யத்தக்கது

இன்று நம் மாணவருள் பெரும்பாலோர் ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வரும் மின்தொடர் வண்டியிலேயே கைப்பேசியில் படித்துவிடுகின்றனர். புதுப்பதிப்பு நம்மைக் கேளாமலே கைப்பேசியில் வந்து அமர்கின்றது. 2021இல் குரோம் தன் வெளியீட்டு இடைவெளியை ஆறு வாரத்திலிருந்து நான்கு வாரமாகச் சுருக்கியது. மாற்றம் இத்துணை விரைவாகவும் ஓசையின்றியும் நிகழும்போது, மௌனமும் நமக்கு இயல்பாகிவிடுகின்றது. பிறர் புகழ்கின்றனர் அல்லது சாடுகின்றனர், நாமோ பழகிக்கொள்கின்றோம். இப்பழக்கமே நம் குறை.

ஆங்கிலம் அறிந்தால் போதும், வேலை கிட்டும்; உலாவியில் தமிழ் எவ்வாறு தோன்றினால் என்ன என்போரும் உளர். வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டிலிருக்கும் தாய் மருந்துச் சீட்டின் விளக்கத்தையோ அரசின் உதவித்தொகை அறிவிப்பையோ எந்த மொழியில் படிப்பார்? அவர் படிக்கும் வரியில் ஓரெழுத்து உடைந்தால், உடைவது எழுத்து மட்டுமன்று, அவர்தம் தன்னம்பிக்கையும்தான்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, தமிழ் எழுத்து பிழையாகத் தோன்றக் கண்டால் கடந்து செல்லாதீர். எந்தக் கருவி, எந்த உலாவி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எவ்வெழுத்து என்று ஐந்தையும் குறித்துத் திரைப்படம் ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள். பயர்பாக்ஸை ஆக்கும் மொசில்லாவின் பிழைப் பதிவேடான பக்சில்லாவில் எவரும் குறை பதியலாம். பயர்பாக்ஸ், குரோம் இரண்டையும் தமிழ் இடைமுகத்துடன் பயன்படுத்தலாம். ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருப்பின், செப்பம் செய்ய வேண்டியவர் தமிழ் பயின்ற நீங்களே.

ஆசிரியப் பெருமக்களே, கலைச்சொல்லாக்கத்தையும் பிழை அறிக்கை எழுதுதலையும் வகுப்புப் பயிற்சியாக்குங்கள். இலக்கணம் கற்றவனே எழுத்தின் குறையைத் துல்லியமாகச் சொல்ல வல்லவன்.

சமுதாயப் பெரியோர்களே, பள்ளிக்கும் நூலகத்திற்கும் கணினி வழங்கும் உங்கள் கொடைக்கு நன்றியுடையோம். வழங்கிய கணினி இன்றைய உலாவியை இயக்குகின்றதா என்றும் ஆண்டுக்கொருமுறை கேட்டறிய வேண்டுகிறோம். இயங்காத கணினி, பூட்டிய நூலகம்.

அரபு எழுத்திற்குத் தமிழ் ஒலியைக் கற்பித்த முன்னோரின் வழிவந்தவர் நாம். திரைக்கு நம் எழுத்தைக் கற்பிக்கும் கடமையும் நம்முடையதே. மௌனம் கலைப்போம், இறைவன் துணைபுரிவானாக.